நட்டை முழுதாய்க் கழற்றாதே

சில்லு நாலும் கழன்று
கல்லடுக்கின்மேல் நிற்கிறது வில்லிஸ் ஜீப்.
கழறாமல் கிடப்பவை பின்பக்க ட்ரம் இரண்டும்.
காணிக் கந்தோர் ஏலத்தில் எடுத்தேன்.
அது பிறந்த வருசத்தைப்
புத்தகத்தோடு கறையான் தின்றுவிட்டது.
கடல் ஊருக்குள் வந்த காலை
கழுத்தளவு உப்புத்தண்ணிக்குள் நின்றதாம்.
விற்றவர் அதைச் சொல்லவில்லை,
கியர்பெட்டிக்குள் கிடந்த சிப்பி சொன்னது.

அச்சின் முனை கூம்பு.
ட்ரம்மின் துளையும் கூம்பு.
நடுவே சுண்டுவிரல் நகமளவில் ஒரு சாவி.
பாரம் இழுக்க இழுக்க ஒன்றையொன்று கவ்வி,
எது அச்சு, எது ட்ரம் என்று
இரண்டுக்குமே மறந்துபோன இறுக்கம்.

டீசல் ஊற்றினேன். குடித்தது.
மறுகா கியர் ஒயிலோடு
நகப்பூச்சு அழிக்கிற தண்ணியைக் கலந்து ஊற்றினேன்
(யசோதினியின் போத்தல், கேட்காமல் எடுத்தது).
அதையும் குடித்தது.
காஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி
மெழுகுதிரி உரசினேன்.
உருகியது மெழுகு மட்டும்.

அக்கரைப்பற்றில் டிராக்டர் பார்க்கிற ஜௌபர்
மஹ்ரிப் முடித்து வந்தான்,
சைக்கிள் கரியரில் உரப்பையால் சுற்றிய புல்லரோடு.
மூன்று காலையும் ட்ரம்மில் பூட்டி
நடு போல்ட்டை முறுக்கினோம்.
அது கிறுகக் கிறுக
குழாய் செருகிய சாவி வில்லாய் வளைந்தது.
சுத்தியலால் போல்ட்டின் தலையில் ஒன்று போட்டான்.
தொட் என்றது.
இன்னும் கால் சுற்று.
இப்போது டிங்.
ஜௌபர் சுத்தியலைக் கீழே வைத்தான்.
"இனி அடிக்கப்படாது. இழுவையில விட்டுட்டுப் போய்ப் படு.
நட்டை மட்டும் முழுசாக் கழட்டிராத,
நாலு புரி மிச்சம் வை.
விடக்குள்ள பாஞ்சா காலை எடுத்திரும்."

படுத்தேன். நித்திரை வரவில்லை.
வெளியே இருட்டுக்குள்
இரும்பொன்று இன்னோர் இரும்பை
அசையாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டேகால் மணிக்கு
ஒரு வெடி.
ஒரேயொரு தரம்.

கண் திறக்குமுன்
மகளின் தலையைத் தரையோடு அமர்த்தியிருந்தது என் கை.
எல்லாம் முடிந்து ஐந்து வருசத்துக்குப் பிறகு பிறந்தவள்.
"என்னப்பா, கரன்ட் பொக்ஸா?" என்றாள்.
சன்னலால் பார்த்தேன்.
கனகசூரியம் மாஸ்டர் வீட்டு முன்விளக்கு அணைந்தது.
எதிர்வீடு அணைந்தது.
பிரசவ வீடென்று விடிய விடிய எரிகிற
மூலைவீட்டு விளக்கும் அணைந்தது.
ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.
குரைக்க எடுத்த நாய்
பாதியில் விட்டது.

நெடுநேரம் கழித்து மதிலுக்கு அப்பால்
மூச்சைவிடக் கொஞ்சம் பெரிதாய் ஒரு குரல்:
"புவிராசா... சுகமோ?"
"சுகம் மாஸ்டர். ட்ரம் கழண்டிட்டு."
"ஆ."
பிறகு, ஒரு யோசனைக்குப் பின்:
"எந்தப் பக்கத்து ட்ரம்?"
"இடப்பக்கம்."
அவர் விளக்கு எரிந்தது.
அடுத்த வீடுகளுக்கு யார் சொன்னார்களோ,
ஒவ்வொன்றாய் எரிந்தன.
மூலைவீடு மட்டும் விடியும்வரை எரியவில்லை.

காலையில் பார்த்தால்
நாலு புரித் தூரம்தான் பாய்ந்திருக்கிறது,
நட்டில் முட்டி நிற்கிறது.
நட்டைக் கழற்றித் தொட்டேன்,
பாண் துண்டுபோல் கையோடு வந்தது.
கூம்பின் நடுவில் துரு ஏறாத ஒரு வளையம்,
கடை கண்ணாடி மாதிரி.
என் மூக்கு அதில் கோணலாய்த் தெரிந்தது.

வலப்பக்கம் மிச்சம்.
பகலில் இழு என்று சொல்லிவிட்டாள் யசோதினி.
அது நாம் சொல்லும் நேரத்திலா விடும்?
பின்னேரம் புல்லரைப் பூட்டுமுன்
ஒழுங்கை முழுக்க நடந்தேன்.
படலை படலையாய்த் தட்டி,
"இண்டைக்கோ ராவைக்கோ ஒரு சத்தம் வரும்.
அது நான்தான். ஜீப்."
சிரித்தார்கள். ஒருத்தி தேத்தண்ணி தந்தாள்.
மூலைவீட்டில் கதவு திறக்கவில்லை.
உள்ளே பிள்ளை சிணுங்கியது கேட்டது.
சன்னலுக்கு வெளியே நின்று
இரண்டு தரம் சொன்னேன்.